ஏரிப் படகுக்கு எந்த எரிபொருள்?

உல்லாசப் படகுக்கு என்ன எரிபொருள் போடுவது என்பதை நம் பக்கத்தில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பங்க்கில் என்ன கிடைக்கிறதோ அதைக் கேனில் பிடித்துவந்து ஊற்றினால் படகு ஓடும், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை காலம் போயிற்று. இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் நிலைமை மாறியிருக்கிறது. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதே நேரத்தில், இருக்கிற ஏரியையெல்லாம் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்ற ஆசை ஊருக்கு ஊர் கூடிவருகிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு கிளம்பிப் போகும் ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் துடுப்புப் படகும் மிதிபடகும் ஓடுகின்றன. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்க் கோலப்பன் ஏரியிலும் படகுச் சவாரி உண்டு. கூட்டம் பெருகும் இடத்தில் மோட்டார் படகு கேட்பதுதான் வழக்கமான அடுத்த கட்டம். ஊட்டியும் பைக்காராவும் அப்படித்தான் வளர்ந்தன. மோட்டார் வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது. உள்நாட்டு ஏரிகளில் உல்லாசப் படகுக்குப் பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம். துடுப்பு போதுமான இடத்தில் துடுப்பு, போதாத இடத்தில் மின்சாரம் என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் இங்கே பார்க்கலாம்.

இந்தப் பேச்சு ஆம்பூரிலிருந்து கிளம்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்று பாலாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது நம் ஊர்த் தண்ணீரை முன்னிட்டுத்தான். தான் செய்யும் தொழில் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது என்பதும் அதே தீர்ப்பு. 28 ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஆன செலவை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கெட்ட தண்ணீரைத் திருப்பி நல்லதாக்க ஒரு தலைமுறை போதவில்லை. ஒரு படகு இன்ஜினையும் ஒரு தோல் ஆலையையும் யாரும் ஒப்பிட மாட்டார்கள். ஆனால், மலைமேல் தேங்கிய சிறிய ஏரியில் என்ன ஊற்றலாம் என்று முடிவெடுக்கும்போது, நம் ஊர் வழக்கில் பிறந்த அந்தக் கொள்கையை நாமே மறந்துவிடக் கூடாது.

முதலில் பெட்ரோல். சிறிய படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களில் விலை குறைந்ததும், எடை குறைந்ததும், எந்த மெக்கானிக்கும் பிரித்துச் சேர்க்கக்கூடியதும் பழைய டூ ஸ்ட்ரோக் வகை. அதில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்தே ஊற்ற வேண்டும். புதிய எரிபொருள் உள்ளே நுழையும் அதே நேரத்தில் எரிந்த புகை வெளியேறும் அமைப்பு என்பதால், கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் கால்பங்கு வரை எரியாமலே வெளியே வந்துவிடும். சாலையில் ஓடும் வண்டியென்றால் அது காற்றில் போகும். படகின் புகைக்குழாயோ பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே திறக்கிறது. நான்கு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் நேராக ஏரிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் இந்த வகை இன்ஜின்களை 1999 ஜூன் முதல் தடை செய்தது இதனால்தான். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இந்தக் கசிவு மிகக் குறைவு, அதை மறுக்க முடியாது. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டினாலும் தீராத கசிவு ஒன்று இருக்கிறது. அது இன்ஜினில் இல்லை, படகுத்துறையில் இருக்கிறது.

கடலோரத் துறைமுகங்களில் இருப்பதுபோல ஏரிக்கரையில் எரிபொருள் நிலையம் கிடையாது. சாலையோரப் பங்க்கிலிருந்து கேனில் வாங்கிவந்து, ஆடும் படகில் ஒருவர் நின்று, ஒரு கையில் புனலையும் மறுகையில் 20 லிட்டர் கேனையும் சாய்த்து ஊற்ற வேண்டும். கேனின் வாய் அகலம், டேங்க்கின் வாய் சிறிது. காற்று உள்ளே போக வழியில்லாமல் கேன் குலுங்கிக் குலுங்கித் துப்பும். ஒவ்வொரு முறையும் ஓரிரு கைப்பிடி வெளியே சிந்தும். தளும்பி ஓரத்தில் வழிந்ததை ஒரு பழந்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே தண்ணீரில் அலசுவது நடக்கிற காரியம். கொஞ்ச நேரத்தில் படகைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு படலம் விரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போதைய பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள்; குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, அதாவது சுமார் 8.8 கிராம் பென்சீன் இருக்கலாம் என்றால், அது 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கொண்டுபோகப் போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் சொன்னால் 73 லாரி. வெயிலில் பென்சீனின் பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்பது உண்மைதான். ஆவியாகும்வரை அதைச் சுவாசிப்பவர் படகோட்டி. ஆவியாகாமல் கரைந்தது ஏரிக்கும், அதைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கும்.

இனி எத்தனாலுக்கு வருவோம். 20 சதவீதம் எத்தனால் கலப்பதை 2030-க்குள் எட்டுவது என்று 2018-ல் வைத்த இலக்கை மத்திய அரசு 2025-26-க்கு முன்கொண்டுவந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் பிரதமர் இ20 பெட்ரோல் விற்பனையைத் தொடங்கிவைத்தார். 2025-ல் நாடு முழுவதும் பங்க்குகளில் அதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. இந்த வாதமெல்லாம் கார், பைக்கை வைத்தே நடந்தது. படகைப் பற்றி அதிகம் பேச்சே வரவில்லை. ஆனால் இந்தக் கலவையால் அதிகம் பாதிக்கப்படக்கூடியது படகுதான். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றின் ஈரத்தையே இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கார் டேங்க் ஏறத்தாழ மூடியே இருக்கும். படகு டேங்க் காற்றுத்துளையோடு, இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர்மேல் கிடக்கும். பகலில் வெயிலில் சூடாகி, மலையின் இரவில் குளிர்ந்து, பாதி காலியான டேங்க்கின் உட்சுவரில் பனித்துளி கட்டும். அந்தத் தண்ணீர் முழுவதும் எத்தனாலுக்குப் போகும். 10 சதவீத எத்தனால் பெட்ரோல் தன் அளவில் அரை சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். பத்து லிட்டருக்கு 50 மில்லி. அதற்கு மேல் போனால் தாங்காது. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் அடியில் ஒரு அடுக்கும் மேலே ஒரு அடுக்குமாகக் கோடு போட்டதுபோலத் தெரியும். 20 சதவீதத்தில் அந்த எல்லை சற்றுத் தள்ளிப் போகும். ஆனால் பிரிந்துவிட்டால் அடியில் சேர்வதும் அதற்கேற்ப அதிகம். இன்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது டேங்க்கின் அடியிலிருந்துதான்.

இதில் காலமும் சேர்ந்துகொள்கிறது. கார் டேங்க் வாரத்துக்கு ஒருமுறை காலியாகி நிரம்பும். உல்லாசப் படகு கோடை விழா, பொங்கல், தீபாவளி என்று சீசனுக்குச் சீசன் உழைக்கும்; மழைக்காலத்தில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதில்லை. எத்தனால் நல்ல கரைப்பான் என்பதால் பழைய ரப்பர்க் குழாயையும், பழைய ஃபைபர் டேங்க்கின் பிசினையும் மெல்ல மெல்ல இளக்கும். டேங்க்கில் படிந்த கசடைக் கிளப்பிக் கார்புரேட்டரில் கொண்டுபோய் அடைக்கும். யமஹா, மெர்குரி போன்ற முன்னணி அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் 10 சதவீத எத்தனால் வரைக்கும்தான் தங்கள் இன்ஜின்களுக்கு ஒப்புதல் தருகிறார்கள். அமெரிக்காவில் 15 சதவீதம் கலந்த பெட்ரோலைப் படகில் ஊற்றுவதற்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. நமக்குக் கிடைப்பது 20. இ20-யால் ஆக்டேன் 95-க்கு உயர்ந்திருக்கிறதே என்பார்கள். ஆக்டேன் கூடுவது நன்மைதான். ஆனால் 91-க்கு வடிவமைத்த சிறிய அவுட்போர்டுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. மாறாக, ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே இ20-யின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 7 சதவீதம் ஆற்றல் குறைவு. இ20-க்காகச் செய்யப்படாத கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. நடு ஏரியில் இன்ஜின் நின்றுபோனால் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி மெக்கானிக்குக்குப் போன் போடுவதுபோல் ஆகாது. காற்றடிக்கும் நேரம், படகில் குழந்தைகள், கரை தூரத்தில். எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது இங்கே உயிர்ப் பாதுகாப்பும் ஆகிறது.

எத்தனாலைக் குறை சொல்வது கரும்பு விவசாயியின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருப்பத்தூர் மாவட்டத்திலேயே கேத்தாண்டப்பட்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. வேலூர்ப் பக்கம் அம்முண்டியில் இன்னொன்று. எத்தனால் வாங்கும் திட்டத்தால் சர்க்கரை ஆலைகளுக்குப் பணம் புரள வேண்டும், அந்தப் பணம் கரும்பு நிலுவையாகத் தேங்காமல் விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும் நல்லதே. ஆனால் நாடு முழுக்க ஓடும் கோடிக்கணக்கான வண்டிகளின் பெட்ரோலோடு ஒப்பிட்டால், ஏரிப் படகுகள் குடிப்பது ஒரு சொட்டுகூட ஆகாது. அந்தச் சொட்டை விலக்குவதால் ஒரு டன் கரும்பும் தேங்கப் போவதில்லை. எத்தனால் திட்டம் நல்லதா கெட்டதா என்ற பெரிய வாதத்துக்குள் போகாமலே, அது படகுக்கு ஏற்ற பொருள் இல்லை என்று சொல்ல முடியும். எத்தனாலைத் தவிர்க்க, 100 ஆக்டேன் என்று விலை கூட்டி விற்கும் பெட்ரோலை வாங்கி ஊற்றலாமே என்று சிலர் யோசிக்கக்கூடும். அது எல்லாப் பங்க்கிலும் கிடைக்காது, விலையும் கட்டுப்படியாகாது. அதை மலைமேல் கொண்டுவந்து ஊற்றினாலும் புனலும் கேனும் வானவில் படலமும் அப்படியே இருக்கும்.

டீசல் இந்தப் பழிகளில் சிலவற்றிலிருந்து தப்புகிறது. 2020 ஏப்ரல் முதல் நம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. அந்த வகையில் சுத்தமான பொருள். பெட்ரோல்போல எளிதில் தீப்பிடிக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தட்டுக்குள் இறங்கித் தங்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும். டீசலில் அந்த அபாயம் குறைவு. ஆனால் டீசல் இன்ஜின் கனமானது, அதிர்வும் சத்தமும் அதிகம், சிந்தினால் பெட்ரோலைப்போல ஆவியாகாமல் தண்ணீர்மேல் நாள்கணக்கில் மிதக்கும், கரையோரக் கோரையில் ஒட்டும். டேங்க்கின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து பிசுபிசுப்பாகி வடிகட்டியை அடைப்பது படகுக்காரர்கள் நன்கு அறிந்த தொல்லை. முட்டுக்காடு, முதலியார்குப்பம் போன்ற உப்பங்கழிகளிலும், கடலில் இறங்கும் படகிலும், நீண்ட தூரமும் எதிர்நீரோட்டமும் இருப்பதால் டீசலுக்கோ ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோலுக்கோ இன்னும் இடம் இருக்கிறது. அங்கேயும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மீனவர்களுக்கு அரசு வரிவிலக்கோடு கொடுக்கும் டீசல் அவர்கள் பிழைப்புக்கானது, உல்லாசப் படகின் டேங்க்குக்கு அது வழிமாறி வரக் கூடாது.

எங்கிருந்து வாங்கி எப்படி வைத்திருப்பது என்பது தேர்வைவிடச் சிக்கலானது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். அதையும் 25 லிட்டருக்கு மேற்படாத கலங்களில். டீசல் வேறு வகுப்பு என்பதால் வரம்பு மிகப் பெரிது, 2,500 லிட்டர். பத்து மோட்டார் படகு ஓடும் ஒரு படகு இல்லத்துக்கு விடுமுறை நாளில் 30 லிட்டர் பெட்ரோல் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு என்ன நடக்கும்? உரிமம் எடுக்க வேண்டும், அதற்கான தூரமும் கட்டடமும் தீயணைப்புச் சாதனமும் வேண்டும். இல்லையென்றால் சீட்டு கொடுக்கும் அறையின் மூலையில் பிளாஸ்டிக் கேன்கள் அடுக்கப்படும். டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும் அந்த மூலைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரிக்குக் கேன் கேனாகப் பெட்ரோல் கொண்டுபோவதை ஒரு முறையான ஏற்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மின்சாரப் படகு என்றதும் ஏதோ வருங்காலக் கனவு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பவேரியாவில் கோனிக்ஸே என்னும் மலை ஏரியில் 1909 முதல் சுற்றுலாப் படகுகள் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அந்த ஏரியின் தண்ணீர் சுத்தமாக இருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் வைக்கம் இருக்கிறது. பெரியார் சிறை சென்ற அதே வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு, வேம்பநாட்டுக் காயலைக் கடந்து, கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 2017 ஜனவரி முதல் 75 பேரை ஏற்றிக்கொண்டு போய் வருகிறது. உல்லாசத்துக்கு ஒருநாள் வந்துபோகிறவர்களை அல்ல, தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களை ஏற்றும் படகு அது. நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த நாளே பெயர் கெட்டிருக்கும். கொச்சியில் 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய வாட்டர் மெட்ரோ அடுத்த கட்டம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய பேட்டரிப் படகுகள் துறையில் நிற்கும் சில நிமிடங்களில் மின்னேற்றம் பெற்றுக்கொள்கின்றன. பக்கத்து மாநிலத்தில் நின்று நிரூபித்துவிட்ட ஒன்றை நாம் இனி ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை.

பேட்டரி வண்டியின் பலவீனம் தூரம். ஏரிப் படகுக்கு அந்தப் பலவீனமே பொருட்டில்லை. அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வாகனம் வேறு எது? வேகமும் தேவையில்லை. தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் வேகப்படகுக்குப் பெட்ரோல் இல்லாமல் ஆகாது, மெதுவாகப் போகும் படகுக்கு மின்சாரமே மிச்சம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் படகு மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போக 2 கிலோவாட் போதும். நாளைக்கு 12 சுற்று, ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். படகின் கூரை ஆறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்றால் அதில் 2 கிலோவாட் சூரியப் பலகை பொருந்தும். வெயில் நாளில் எட்டு யூனிட் கொடுக்கும். மிச்சத்தை இரவில் கரண்டில் ஏற்றிக்கொள்ளலாம். பலகையே இல்லாமல் முழுவதையும் வணிகக் கட்டணத்தில், யூனிட் 10 ரூபாய் என்றே வைத்து ஏற்றினாலும், ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து நாளுக்கு 140 ரூபாய். அதே வேலைக்கு, குறைந்த வேகத்தில் ஓடும் சிறிய பெட்ரோல் இன்ஜின் தான் குடிப்பதில் ஆறில் ஒரு பங்கைத்தான் சுழலியில் சேர்க்கும் என்பதால், ஆறு லிட்டராவது வேண்டும். லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் 600. ஆண்டுக்கு 200 நாள் ஓடும் படகுக்கு மிச்சம் 90 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆயில், பிளக், கார்புரேட்டர் கழுவும் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

பேட்டரி வாங்கும் செலவு? முதலில் அதிகம்தான், அதை மழுப்பக் கூடாது. ஆனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கத் தாங்கும். ஆண்டுக்கு 200 முறை என்ற கணக்கில், நம் ஊர் வெயிலுக்குப் பாதியைக் கழித்துவிட்டாலும், எரிபொருள் மிச்சத்தில் விலையை எடுத்துவிட்டு மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். செலவைச் சுருக்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளை அடுக்கிப் படகு செய்ய முனைவார்கள்; அதைத் தடுக்க வேண்டும். ஈய பேட்டரி கனம் அதிகம், சரிந்தால் அமிலம் வழியும், ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும். லித்தியம் தீப்பிடிக்காதா என்ற பயமும் நியாயமானதே. எல்லா லித்தியமும் ஒன்றல்ல, இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஒழுங்கான கட்டுப்பாட்டுக் கருவியும் நீர்புகாப் பெட்டியும் இருந்தால் பெட்ரோல் டேங்க்கின் பக்கத்தில் உட்காருவதைவிடப் பாதுகாப்பு. அந்தக் கரண்டே நிலக்கரியில் வருகிறதே என்பதற்கு என் பதில் இது: தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றும் சூரியனும் கணிசமான பங்கு வகிக்கின்றன, நிலக்கரிப் பங்கின் புகையை நான் மறைக்கவில்லை, ஆனால் அந்தப் புகைக்குக் கட்டுப்பாடு வைக்க ஒரு புகைபோக்கியும் ஒரு வாரியமும் இருக்கின்றன, ஏரியில் சிந்தும் பெட்ரோலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஓய்ந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. தோல் கழிவை யார் சுத்தம் செய்வது என்று முப்பது ஆண்டு இழுத்தடிக்கப்பட்ட ஊர்க்காரர்கள், பேட்டரி வாங்கும் அன்றே இந்த விதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

நாலு படகு ஓடி என்ன கெட்டுவிடப் போகிறது என்பதுதான் அதிகம் கேட்கக்கூடிய எதிர்க்கேள்வி. ஆறு ஓடும், அடித்துக்கொண்டு போகும்; கடல் பெரிது, கரைத்துவிடும். மலைமேல் ஏரியில் தண்ணீர் உள்ளே வரும் வழி மழை, வெளியே போகும் வழி வெயிலும் மண்ணும். கோடை விழா நடக்கும் மே மாதத்தில்தான் படகு அதிகம் ஓடும், அதே மாதத்தில்தான் ஏரியில் தண்ணீர் குறைவு. நாலு படகுக்கு அனுமதி கொடுத்த இடத்தில் நாற்பது வராது என்று யார் உறுதி சொல்வது? இன்ஜின் வாங்கிப் போட்ட பிறகு குத்தகைக்காரரிடம் போய் மாற்றச் சொன்னால் அவர் முதலீடு போச்சு என்பார், வழக்குப் போடுவார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும். வேகப்படகின் சிலிர்ப்பை விரும்பும் இளைஞர்களுக்கு உப்பங்கழிகள் இருக்கின்றன. அவர்களுக்காகப் புங்கனூர் ஏரி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரே ஒரு பெட்ரோல் இன்ஜினை மட்டும் நான் விலக்கி வைக்க மாட்டேன்: மீட்புப் படகின் இன்ஜின். யாராவது தண்ணீரில் விழுந்தால், காற்றில் மிதிபடகுகள் நடுவில் மாட்டிக்கொண்டால், அங்கே வேகம்தான் முக்கியம். அதற்கு ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது ஓடும் அந்த இன்ஜினுக்குத்தான் இ20 பெரிய எதிரி என்பதால் அதைப் பராமரிக்கும் முறையையும் எழுதி வைக்க வேண்டும். 20 லிட்டருக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்க் கேனில் அல்ல, இறுக மூடும் உலோகக் கேனில், வெயில் படாத தனி அறையில். கூட்டம் அதிகம் வரும் பங்க்கில் வாங்கினால் பெட்ரோல் புதிதாக இருக்கும். கேன்மேல் வாங்கிய தேதி எழுதியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பழையதை நிர்வாகத்தின் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும், டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மாட்டி, அதன் அடிக்குடுவையை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ரப்பர்க் குழாய் எத்தனால் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். படகைக் கரையில் இழுத்துப்போட்டே எரிபொருள் நிரப்ப வேண்டும், தண்ணீர்மேல் கூடவே கூடாது. காலையில் சீட்டு கொடுக்கத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதும் இதில் அடக்கம்.

மற்றதெல்லாம் டெண்டரில் இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமோ ஊராட்சியோ வனத்துறையோ, ஏரியில் படகு விட யார் குத்தகை கொடுத்தாலும், அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உந்துசக்தி துடுப்பு, மிதி, மின்சாரம் ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். குத்தகைக் காலத்தை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வைத்தால்தான் குத்தகைக்காரர் பேட்டரியில் பணம் போடுவார். ஆண்டுக்கு ஆண்டு ஏலம் விட்டால் மலிவான பழைய இன்ஜினோடுதான் வருவார். படகுத்துறைக்கு மின் இணைப்பும், மின்னேற்றும் இடமும் அரசே அமைத்துக் கொடுப்பது பெரிய செலவில்லை. படகு இறங்குமுன் ஒருமுறையும், சீசன் முடிந்தபின் ஒருமுறையும் ஏரித் தண்ணீரில் எண்ணெய், பென்சீன் அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்து, முடிவைச் சீட்டுக்கூண்டின் பக்கத்தில் ஒட்டட்டும். ஏலகிரியில் இன்று துடுப்பும் மிதியும் ஓடுவதால் அங்கே அகற்ற வேண்டியது எதுவும் இல்லை. அடுத்த குத்தகை அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஊட்டி, பைக்காராபோல மோட்டார் ஏற்கெனவே ஓடும் இடங்களில் டூ ஸ்ட்ரோக்கை முதலிலும், மற்றவற்றை இன்ஜின் ஓயும்போதும் மாற்றுவது என்று ஒரு கெடு வைக்கலாம். ஆதித்யாவைக் கட்டியவர்களும் வைக்கத்தில் அதை ஓட்டியவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்; போய்க் கேட்டால் சொல்லித் தருவார்கள்.